கிராம அலுவலர் பரீட்சை: வயதெல்லைச் சலுகை கோரும் மனு

கிராம அலுவலர் ஆட்சேர்ப்புக்குப் பொறுப்பான உயர் அதிகாரிகள் அவர்களுக்கு,



திருக்கேதீஸ்வரத்திலும் அயற்கிராமங்களிலும் இப்பரீட்சைக்குப் படித்துவரும் இளைஞர் யுவதிகளின் சங்கம் இம்மனுவைச் சமர்ப்பிக்கின்றது.

இதே விடயத்தை முன்னரும் எழுதியுள்ளோம். முதற் கடிதத்தில் வயதெல்லையைப் பற்றி மட்டுமே கேட்டிருந்தோம். கிடைக்கப்பெற்றது என்ற ஒருவரிக் கடிதம் வந்தது. அடுத்த கடிதத்தில் பாதிக்கப்பட்டோரின் பிறந்த ஆண்டுகளையும் இணைத்தோம். அதற்கு அந்த ஒருவரியும் வரவில்லை. ஆகவே சொன்னதையே மீண்டும், விரிவாகச் சொல்லவேண்டியுள்ளது.

வர்த்தமானி அறிவித்தலின்படி விண்ணப்பதாரி 21 வயதுக்குக் குறையாமலும் 35 வயதுக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். வயது கணிக்கப்படுவது விண்ணப்ப முடிவுத் திகதியில். 2021இல் விண்ணப்பம் கோரப்பட்ட பரீட்சை நடந்ததோ 2023 டிசம்பர் 2ஆம் திகதி. முடிவுத் திகதியில் 35ஐ எட்டியிருந்தவர் மண்டபத்துக்குள் நுழையும்போது 37 வயதினர். அவரை எவரும் தடுக்கவில்லை. தடுக்காதது முற்றிலும் சரியே. தாமதம் பரீட்சார்த்தியின் குற்றமன்று என்பதை அரசே அன்று ஏற்றுக்கொண்டது. எமது கோரிக்கை முழுவதும் அந்த முன்மாதிரியிலேயே நிற்கின்றது.

2021இல் 34 வயதாயிருந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பரீட்சை அவ்வாண்டே நடந்து, மறு ஆண்டில் புதிய அறிவித்தலும் வந்திருந்தால் அவருக்கு இன்னொரு வாய்ப்பு இருந்திருக்கும். கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் அந்த ஆண்டுகளைத் தின்றுவிட்டன. 2024 மே மாதம் தெரிவானோருக்கு நியமனக் கடிதம் வழங்கப்பட்டபோது, சில புள்ளிகளில் வாய்ப்பைத் தவறவிட்ட அவர் வயதெல்லைக்கு வெளியே நின்றார். விண்ணப்பித்தவருக்குக் கழிக்கப்பட்ட தாமதம், அடுத்த அறிவித்தலுக்காகக் காத்திருந்தவரின் தலையில் மட்டும் ஏற்றப்படுவது எந்த நியாயம்?

எமது மாவட்டத்தில் இது இரட்டைச் சுமை. 2007, 2008இல் மன்னார்ப் பெருநிலப்பரப்பில் யுத்தம் நடந்தபோது சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளே இன்று அந்த எல்லையில் நிற்பவர்கள். மடுவுக்கும் வன்னிக்கும் ஓடி, செட்டிகுளம் முகாம்களிலிருந்து திரும்பி, வயது பிந்தியே உயர்தரம் எழுதினார்கள். பகலில் வயலிலும் கடலிலும் உழைத்து, இரவில் பழைய வினாத்தாள்களை ஒரே பிரதியிலிருந்து மாறிமாறி எழுதிப் படிக்கிறார்கள். நுண்ணறிவு வினாக்களுக்கு நேரம் பிடித்துப் பழகுகிறார்கள். இவர்களுக்குத் தடையாயிருப்பது வயது ஒன்றுதான்.

ஆகவே அடுத்த அறிவித்தலில், 2021க்குப் பின் பரீட்சை அறிவிக்கப்படாதிருந்த காலத்தை வயதிலிருந்து கழிக்குமாறு கோருகின்றோம். நிரந்தரமாக எல்லையை உயர்த்தும்படி கேட்கவில்லை. ஒரு தடவைச் சலுகையே போதும். இனி ஆண்டுதோறும் வெற்றிடங்களைக் கணித்துப் பரீட்சை நடத்தினால் இத்தகைய மனுவுக்கே இடமிராது.

மேலும், கடந்தகாலத் தமிழ்மொழி வினாத்தாள்களைப் பொது நூலகங்களில் வைத்தல் வேண்டும். வர்த்தமானி அறிவித்தலைப் பிரதேச செயலக அறிவித்தற் பலகையில் உரிய காலத்தில் இடல் வேண்டும். இடம்பெயர்ந்து மீண்டோரின் வதிவிடச் சான்றை இலகுபடுத்தல் வேண்டும். பரீட்சை நிலையம் மன்னார் நகரில் அமைதல் வேண்டும்.

இம்மனுவுக்கு ஆம் அல்லது இல்லை என்ற பதிலை, காரணத்துடன், எழுத்தில் தருமாறு வேண்டுகின்றோம்.

இங்ஙனம்,
செயலாளர்,
திருக்கேதீஸ்வரம், மன்னார்.