ஷெனாய் வேற, நாதஸ்வரம் வேறங்க!

ரொம்ப நாளா மனசுல கிடந்த புலம்பல் இது. கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க அவிநாசிப் பக்கம் விசேஷத்துல கீபோர்டு வாசிக்கற அண்ணன்கிட்ட "நாதஸ்வரம் போடுங்கண்ணா"ன்னு கேட்டா, லிஸ்டுல 112-வதைத் தட்டுவார். அதுல வர்றது ஷெனாய். 1991-ல வந்த ஜெனரல் மிடி பட்டியல்ல மொத்தம் 128 ஒலிகள். சிதார் இருக்கு, ஜப்பான்காரங்க கோட்டோ இருக்கு, ஸ்காட்லாந்து பேக்பைப்பு கூட இருக்கு. நாதஸ்வரமும் கிடையாது, வீணையும் கிடையாது.

இதுக்கு அழுது பிரயோஜனமில்லை. நாமளே செஞ்சுக்கலாம்ங்கறதுதான் என் கட்சி. சர்ஜ் எக்ஸ்டி மாதிரி நல்ல சாஃப்ட்வேர் சிந்தசைசர் இலவசமாவே கிடைக்குது. பகல் பூரா கோடு அடிச்சுட்டு ராத்திரி இதைத் திருகறதுதான் எனக்குப் பொழுதுபோக்கு :-)

முதல்ல என்வலப். நாலே நாலு குமிழ். அட்டாக்னா ஒலி எழும்ப ஆகற நேரம். டிகேன்னா உச்சத்துல இருந்து இறங்கற நேரம். சஸ்டெய்ன்னா கட்டையை அழுத்தி வெச்சிருக்கற வரைக்கும் நிக்கற அளவு. ரிலீஸ்னா விரலை எடுத்தப்புறம் அடங்கற நேரம். ஆக மூணு நேரம், ஒரு அளவு. அவ்வளவுதான் சமாச்சாரம்.

வீணைக்கு அட்டாக் கிட்டத்தட்ட பூஜ்யம், டிகே சில வினாடி, சஸ்டெய்ன் சுத்தமா பூஜ்யம். மீட்டின கம்பி தானா ஓயணும் இல்லைங்களா? நாதஸ்வரத்துக்கு சீவாளி அதிர ஒரு துளி நேரம் வேணும், அதனால அட்டாக் சில பத்து மில்லி வினாடி. மூச்சு இருக்கற வரைக்கும் ஒலி நிக்கும், அதனால சஸ்டெய்ன் முழுசு. மூச்சு நின்னா ஒலியும் நிக்கும், ரிலீஸ் குட்டி. அலைவடிவத்தை மாத்தாம இந்த நாலை மட்டும் மாத்தினாலே, ஊதற வாத்தியம் மீட்டற வாத்தியமா மாறுறதைக் காதால கேக்கலாம்.

அடுத்தது ட்யூனிங். கீபோர்டுல ஒரு ஸ்தாயியை 12 சம பங்காப் போட்டிருக்கான், பங்குக்கு 100 சென்ட். நம்ம அந்தர காந்தாரம் 5:4 விகிதம்னு எடுத்தா 386 சென்ட் வரணும். கீபோர்டுல 400. பதினாலு சென்ட் உதைக்குது! பஞ்சமத்துல ரெண்டே சென்ட்தான் வித்தியாசம், அதை மன்னிச்சு விட்டுடலாம். தம்புராவைப் பின்னணியில ஓடவிட்டு காந்தாரத்தை அழுத்திப் பிடிங்க, ஒலி அலையடிக்கும். இதைச் சரி பண்ண ஸ்காலாங்கற வகை ட்யூனிங் ஃபைல் போதும். நோட்பேடுலயே விகிதங்களை வரிசையா எழுதி உள்ள ஏத்தினா வேலை முடிஞ்சுது.

சுதி சேக்கறதென்ன நமக்குப் புதுசா? பறையைத் தீயில காய்ச்சி சுதி ஏத்தறோம். நாதஸ்வரத்துல கீழ இருக்கற துளைகள்ல மெழுகு வெச்சு சரி பண்றாங்க. மிருதங்கத்தோட தொப்பிக்கு ரவை பிசைஞ்சு ஒட்டறாங்க. இவ்வளவு பார்த்த ஊர்க்காரங்க, கம்பெனிக்காரன் குடுத்த ப்ரீசெட்டை அப்படியே வாசிக்கறதுதான் எனக்குத் தாங்கல.

"எல்லாம் சரி, கமகம் வருமா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஹார்மோனியத்தை 1940-ல ஆல் இந்தியா ரேடியோ தடை பண்ணினதுக்கு சொல்லப்பட்ட காரணமே இந்த ரெண்டும்தான்: சுரம் நம்ம சுருதிக்குச் சேராது, கமகம் வராது. 1971-லதான் தடை தளர்ந்துச்சு. இன்னைக்கு முதல் குறைக்கு ஃபைல் இருக்கு. ரெண்டாவதுக்கு பிட்ச் பெண்டு சக்கரம் இருக்கு, ஆனா அதை உருட்டற கைக்குப் பாட்டு தெரிஞ்சிருக்கணும். சாஃப்ட்வேர் அதைக் கத்துத் தராது.

"சாம்பிள் வாங்கிப் போட்டா முடிஞ்சுது, எதுக்கு இந்தப் பாடு?"ன்னும் சில பேர் சொல்றாங்க. சாம்பிள்ங்கறது ஒருத்தர் ஒரு நாள் ஊதின சுரம். நம்ம சங்கீதத்தோட உயிர் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவுல ஓடுது.

1969-லயே அகமதாபாத் என்.ஐ.டி.க்கு மூக் சிந்தசைசர் வந்துடுச்சு. டேவிட் டியூடர் வந்து நிறுவிக் குடுக்க, கீதா சாராபாய் மாதிரி சிலர் அதுல வேலை செஞ்சாங்க. அன்னைக்கு அது நாலு பேருக்குத்தான் எட்டுச்சு. இன்னைக்கு லேப்டாப் இருக்கற எந்தப் பையனுக்கும் எட்டும். அவன் திருகாம விட்டா, அடுத்த தலைமுறை காதுக்கு ஷெனாய்தான் நாதஸ்வரம், 400 சென்ட்தான் காந்தாரம்னு பதிஞ்சு போயிடும். என் கவலையெல்லாம் அதுதான்.

மேளக்காரங்க பொழப்புல மண்ணைப் போடறேன்னு நினைக்காதீங்க. அந்த வேலையை 112-வது நம்பர் ஏற்கெனவே பண்ணிட்டு இருக்கு. நாதஸ்வர ஒலியை ஒரு தடவை நீங்களே கட்டிப் பாருங்க. ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டியும் அந்த மனுசர் ஒரே மூச்சுல பண்றது வரலைன்னு தெரிஞ்சப்புறம், சித்திரைத் தேருக்கோ வீட்டுக் கல்யாணத்துக்கோ அவர்கிட்ட கூலியைக் குறைச்சுப் பேச உங்களுக்கு வாய் வராது.