கன்டெய்னர் மட்டும் எங்க பக்கம்!

பொம்மைக் கடை வாசலில் நிற்கும் வாலிபனைப் பார்த்தால் நம்மில் பலருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ‘கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மையா?’ நரூட்டோ கீ-செயினும் டிராகன் பால் டி-ஷர்ட்டும் வாங்குகிறவன் உருப்பட மாட்டான் என்று தீர்ப்பே எழுதிவிடுகிறோம். அந்தப் பையன் ராயபுரத்துக்காரனாகவோ திருவொற்றியூர்க்காரனாகவோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ‘இவனுக்கெல்லாம் இது தேவையா?’

தேவைதான் ஐயா!

ஷாங்காயின் நான்ஜிங் சாலையில் ஒரு பழைய வணிக வளாகத்தை அனிமே, கேம் ரசிகர்களுக்கான மாலாகவே மாற்றி 2023 ஜனவரியில் திறந்தார்கள். பைலியன் இசட்எக்ஸ் என்று பெயர். மாடிக்கு மாடி உருவ பொம்மை, பேட்ஜ், போஸ்டர். ‘குட்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சீன நாக்கில் புரட்டி ‘குஸி’ ஆக்கி, ‘குஸி பொருளாதாரம்’ என்று பெரிய மனிதர்களே பேசுகிறார்கள். பழைய கட்டடத்துக்குப் புது உயிர் கொடுத்தது, நாம் ‘உருப்படாது’ என்று சொல்கிற அதே வயசுக் கூட்டம்தான்.

நமக்கு இது புதுசா என்ன? பர்மாவிலிருந்து எல்லாம் இழந்து திரும்பிய தமிழர்கள், 1969-ல் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கடை போட்டார்கள். அதுதான் பர்மா பஜார். டி.வி.யில் மாட்டி விளையாடும் வீடியோ கேமும், பிறகு சி.டி.யும் எத்தனையோ வீடுகளுக்கு அங்கேயிருந்துதான் போயின. ‘எல்லாம் டூப்ளிகேட் சார்’ என்பீர்கள். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால், இறக்குமதி பொம்மைக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆனது; 2023-ல் 70 ஆனது. உள்நாட்டுத் தொழிலைக் காக்கத்தான், சரி. அசல் எட்டாத உயரத்துக்குப் போனால் டூப்ளிகேட்டுக்குத்தானே கொண்டாட்டம்?

இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுவோம். வெளிநாட்டுச் சரக்கு கன்டெய்னரில் வருகிறது. எங்கே? சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி. டிரெய்லர் வரிசை, புழுதி, ஹாரன், விபத்து எல்லாம் வடக்குக்கு. ஏ.சி. ஷோரூம் மட்டும் ராயப்பேட்டைக்கும் வேளச்சேரிக்கும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. தன் வீட்டு வாசல் வழியாகப் போன சரக்கை வேடிக்கை பார்க்க, அந்தப் பையன் டிக்கெட் எடுத்துத் தெற்கே போகிறான். மாலுக்குள் நுழைந்தால் செக்யூரிட்டி அவனை மேலும் கீழும் பார்க்கிறார்.

‘கேம்னாலே சூதாட்டம்தானே?’ என்று ஒரு கோஷ்டி கிளம்பும். காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் வேறு, விளையாட்டு வேறு. 2025-ல் வந்த மத்தியச் சட்டமே முதலாவதைத் தடை செய்துவிட்டு, இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கிறது. சட்டத்துக்குப் புரிந்தது நமக்குப் புரியக் கூடாதா?

விளையாட்டு பிழைப்பைக் கெடுக்கும் என்பவர்கள் புது வண்ணாரப்பேட்டையைப் பாருங்கள். ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தார். அவர் ஜெயித்த பிறகு எல்லோரும் கை தட்டினோம். ஜெயிப்பதற்கு முன்னால் பலகையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளை ‘வெட்டிப் பசங்க’ என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம்?

வடசென்னை வளர்ச்சித் திட்டம் பல ஆயிரம் கோடியில் நடக்கிறது. நல்லது. நூலகமும் போட்டித் தேர்வுக்குப் படிக்க இடமும் வேண்டும்தான். ஆனால், ஏழைப் பிள்ளை என்றால் எப்போதும் பரீட்சைக்கு மட்டுமே படித்துக்கொண்டிருக்க வேண்டுமா? சந்தோஷப்பட அவனுக்கு உரிமை இல்லையா? ராயபுரம் பக்கம் ஒரு பழைய கட்டடத்தைக் கொடுங்கள். கீழே நியாய விலையில் அசல் சரக்கு விற்கும் சின்னக் கடைகள், வாடகைக்குக் கேம் ஆடும் கூடம். மேலே படம் வரைய, அனிமேஷன் கற்றுக்கொள்ள வகுப்பு. யார் கண்டது, நாளைக்கு ஷாங்காய்க்காரன் வாங்கும் பொம்மைக்குக் காசிமேட்டுப் பெண் முகம் வரையலாம்.

பெட்டியின் பாரத்தை இத்தனை காலம் சுமந்தவர்களுக்கு, பெட்டிக்குள் இருப்பதிலும் கொஞ்சம் பங்கு கொடுங்கள்!