தடை மட்டும் குணத்தை வளர்க்காது



பயிற்சி வீரர்களுக்கு மதுவைத் தடை செய்தால் நற்குணம் தானே வளரும் என்ற வாதத்துக்கு வரலாறு துணை நிற்கவில்லை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் கண்காணிப்பாளர் சில்வானஸ் தேயர் மதுவை விலக்கியிருந்தும், 1826 கிறிஸ்துமஸுக்கு மாணவர்கள் விஸ்கியைக் கடத்தி வந்து குடித்தார்கள்; இரவோடு இரவாக அது கலவரமாக வெடித்தது. மாணவர்கள் பலர் ராணுவ நீதிமன்ற விசாரணையைச் சந்தித்தார்கள்.

தடையை நீக்கினால் கட்டுப்பாடு குலையாதா என்று கேட்கலாம். ஆயுதம் ஏந்தும் நேரத்தில் தடை கட்டாயம் வேண்டும்; அது பாதுகாப்புக்கான விதி. குணமோ, யாரும் பார்க்காதபோதும் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம். நாளை படையை வழிநடத்தப்போகிறவருக்கு அது பயிற்சிக் காலத்திலேயே வாய்க்க வேண்டும். ஆகவே ராணுவக் கல்லூரிகள் தடையோடு நின்றுவிடாமல், பொறுப்புணர்வையும் அதிகாரிகளின் முன்மாதிரியையும் பயிற்சியின் அங்கமாக்க வேண்டும்.