சட்டம் தன் கடமையைச் செய்தது!

‘சட்டம் தன் கடமையைச் செய்யும்’ என்று ஓர் ஆளுங்கட்சிப் பிரமுகர் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். இனிமேல் அப்படிப் போகாதீர்கள். எந்தக் கடமை, யாருக்காக, எத்தனை வருஷத்துக்கு என்று கேளுங்கள். ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு பிலிப்பைன்ஸில் ஒரு பெண்மணி வாழும் சாட்சியாக இருக்கிறார். பெயர் லெய்லா டி லிமா.

1959-ல் பிறந்தவர். 1985-ல் வக்கீல் தேர்வில் நாட்டிலேயே எட்டாவது இடம். தேர்தல் வழக்குகளில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கினார். 2008-ல் அதிபர் குளோரியா அரோயோ இவரை மனித உரிமை ஆணையத்தின் தலைவராக்கினார். இந்த மாதிரிப் பதவிகளில் விழாவுக்குப் போய் விளக்கேற்றிவிட்டுக் காலம் தள்ளலாம். இந்த அம்மா 2009-ல் தாவோ நகரத்துக்குப் போனார். அங்கே சில்லறைத் திருடர்களும் போதைப் பழக்கக்காரர்களும் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கொன்றது யார்? யாருக்கும் தெரியாதாம். பொது விசாரணை வைத்து மேயரையே கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். அந்த மேயர் ரோட்ரிகோ டுடெர்டே. அவரும் வக்கீல்தான். இரண்டு பேரும் படித்தது ஒரே சட்டக் கல்லூரியில்!

மேயர் அதை மறக்கவில்லை.

2016-ல் டுடெர்டே அதிபரானார். டி லிமா செனட்டரானார். போதை ஒழிப்பு என்ற பெயரில் பிணங்கள் விழ ஆரம்பித்தன. போலீஸ் ஒப்புக்கொண்ட கணக்கே கடைசியில் ஆறாயிரத்தைத் தாண்டியது. மனித உரிமை அமைப்புகள் முப்பதாயிரம் வரை இருக்கும் என்கின்றன. ஆகஸ்ட் மாதம் டி லிமா செனட்டில் விசாரணையைத் தொடங்கினார். செப்டம்பரில் சக செனட்டர்களே ஓட்டுப் போட்டு அவரைக் கமிட்டித் தலைமையிலிருந்து இறக்கினார்கள். 2017 பிப்ரவரி 24-ல் கைது.

என்ன குற்றமாம்? நீதித்துறை அமைச்சராக இருந்தபோது பிலிபிட் சிறைக்குள் நடந்த போதை வியாபாரத்தில் பணம் வாங்கினார் என்று. அந்தச் சிறையில் 2014-ல் ரெய்டு நடத்தி, பெரிய புள்ளிகள் அனுபவித்த சொகுசு அறைகளை உடைத்ததே இந்த அம்மாதான். அப்போது மாட்டிய கைதிகளில் சிலர்தான் இப்போது அரசுத் தரப்பு சாட்சிகள்! ஆடு நனைகிறதென்று அழ ஓநாய்களையே கூட்டி வந்தார்கள்.

அது போதாதென்று, பழைய டிரைவரோடு அவருக்கு இருந்த உறவை அதிபரே மேடையில் இழுத்தார். நாடாளுமன்ற விசாரணையில் மாண்புமிகு உறுப்பினர்கள் அந்த டிரைவரிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். ஆண் அரசியல்வாதி என்றால் கணக்குப் புத்தகத்தைத் தேடுகிறார்கள். பெண் என்றால் படுக்கையறையைத் தேடுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. யாரும் அவரை இரவோடு இரவாகக் கடத்தவில்லை. வழக்குத் தொடுத்தது அரசு வக்கீல். வாரண்ட் கொடுத்தது நீதிபதி. கைது செல்லும் என்று ஒன்பதுக்கு ஆறு என்ற கணக்கில் சொன்னது உச்ச நீதிமன்றம். எல்லாம் சட்டப்படி! ஜாமீன் கொடுக்க முடியாத பிரிவு என்பதால் உள்ளேயே இருந்தார். நீதிபதிகள் ஓய்வு பெற்றார்கள், விலகினார்கள், வழக்கு நகரவில்லை. முக்கிய சாட்சிகள் 2022-ல் ‘மிரட்டிச் சொல்ல வைத்தார்கள்’ என்று பல்டி அடித்தார்கள். அதே வருஷம் காவலில் ஒரு கைதி அவரைப் பிணைக்கைதியாகப் பிடித்தான். மயிரிழையில் தப்பினார். 2023 நவம்பர் 13-ல்தான் ஜாமீன். ஆறு வருஷம், எட்டு மாதம், இருபது நாள்.

மூன்று வழக்குகள். 2021-ல் ஒன்று, 2023-ல் ஒன்று, 2024-ல் ஒன்று என்று மூன்றும் விழுந்தன. 2025-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டாவது விடுதலையை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. கீழ்க் கோர்ட் மறுபடியும் விடுதலை என்றது. அதே 2025-ல் டுடெர்டே கைதாகி ஹேக் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். டி லிமா தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனார். ‘பார்த்தீர்களா, கடைசியில் நீதி வென்றது’ என்று கைதட்டுகிறார்கள்.

எங்கே ஐயா வென்றது? டுடெர்டேக்குத் தேவைப்பட்டது தீர்ப்பு அல்ல. அவருக்குத் தேவைப்பட்டது டி லிமாவின் வாய் அடைபடுவது. அவருடைய ஆட்சியின் ஆறு வருஷத்தில் ஐந்து வருஷத்துக்கு மேல் டி லிமா சிறையில். விடுதலை வந்தபோது டுடெர்டே ஓய்வு பெற்றிருந்தார். வழக்கே தண்டனை. தீர்ப்பு வெறும் தபால்.

டி லிமா ஒன்றும் அப்பழுக்கில்லாதவர் அல்ல. 2011-ல் அமைச்சராக இருந்தபோது, அரோயோ வெளிநாடு போகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியும், விமான நிலையத்தில் அவரை நிறுத்தியவர் இவர். தன்னைப் பதவியில் உட்கார வைத்த அதே அரோயோவை! அரோயோவும் பிறகு ஊழல் வழக்கில் வருஷக்கணக்கில் காவலில் இருந்து, 2016-ல் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். அன்றைக்கு டி லிமாவுக்குக் கைதட்டியவர்கள், கோர்ட் உத்தரவை மீறலாம் என்பதற்கும் சேர்த்துத்தான் கைதட்டினார்கள். கத்தி யார் கையில் இருக்கிறது என்று பார்த்து வெட்டுவதில்லை.

டி லிமாவுக்காவது பேர் இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள், ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அப்படியும் ஏழு வருஷம் ஆகப் பார்த்தது. விசாரணை முடியாமலே பிலிப்பைன்ஸ் சிறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் பேர் தெரியாத ஏழைகளுக்கு எத்தனை வருஷம் ஆகும்? ஜாமீன் மனுவை இத்தனை நாளுக்குள் முடி, முடியாவிட்டால் ஆளை வெளியே விடு என்று ஒரு கெடு வைக்காதவரை, சட்டம் தன் கடமையைச் செய்துகொண்டேதான் இருக்கும். உள்ளே இருப்பவர் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்.