‘ஜப்பான் சாமான்’ என்ற முத்திரைக்குப் பின்னால்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. அதன் பிறகு வீடுகளில் நான் கேட்ட வாகனப் பேச்சுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றன: “எதுக்கும் ஜப்பான் சாமானாப் பாத்து எடுங்கோ.”

இந்த நம்பிக்கை ஒரு நாளில் வந்ததல்ல. 1982இல் ரூபவாஹினி ஜப்பானிய உதவியுடன் தொடங்கப்பட்டது. வீட்டுக்கு வந்த தொலைக்காட்சிப் பெட்டியும் பல இடங்களில் ஜப்பானுடையது. பின்னர் ‘ஒஷின்’ தொடர் சிங்களத்தில் ஒளிபரப்பானது. பெட்டி, நிலையம், கதை மூன்றும் ஒரே நாட்டிலிருந்து வந்தால் அந்த நாட்டின் பெயரே தரச்சான்று ஆகிவிடும். ஆனால் போர்க்கால யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடிய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் பிரித்தானியக் கார்கள். அவற்றை ஓடவைத்தது எங்கள் கராஜ்காரரின் கை. அந்தப் பெருமையை நாங்கள் எந்த நாட்டுக்கும் எழுதிவைக்கவில்லை.

மின்சாதனங்களில் இந்த முத்திரை எப்போதோ கழன்றுவிட்டது. சான்யோவின் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரத் தொழில் சீனாவின் ஹையரிடம் போனது. ஷார்ப் 2016இல் தாய்வானின் ஃபொக்ஸ்கொன் வசமானது. தோஷிபாவின் தொலைக்காட்சிப் பிரிவு 2018இல் சீனாவின் ஹைசென்ஸிடம் சேர்ந்தது. பெயர்கள் மட்டும் கடைகளில் அப்படியே இருக்கின்றன. ‘சீனக் கார் வேண்டாம்’ என்று சொல்பவர், அதே சீன நிறுவனம் செய்த தோஷிபா பெட்டியின் முன்னால் இருந்தே அதைச் சொல்லக்கூடும்.

கார் விடயம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. ஜப்பானில் புதிய கார் ஒன்றுக்கு முதல் கட்டாயப் பரிசோதனை மூன்றாவது ஆண்டில், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. செலவு கூடிய பரிசோதனை என்பதால் பலர் அதற்கு முன்பே காரை விற்றுவிடுகிறார்கள். அவர்களும் எங்களைப் போல இடப்பக்கமாக ஓடுபவர்கள். எனவே அதிகம் பழுதாகாத கார்கள் ஏலத்தின் வழியாக இங்கே வருவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. 660 சீசீ வகன் ஆர் இங்கே பரவியதற்கு இயந்திரக் கொள்ளளவைப் பார்த்து அறவிடப்படும் வரியும் ஒரு காரணம்.

ஆனால் சான்றிதழ் வேறு, கார் வேறு. 2023 டிசம்பரில் டைஹட்சு நிறுவனம் பாதுகாப்புப் பரிசோதனைகளில் முறைகேடு செய்திருந்ததை விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. 64 மாதிரிகள் சம்பந்தப்பட்டன. ரொயோட்டாவின் பெயரில் விற்றவையும் அவற்றில் அடக்கம். பழைய முறைகேடு 1989 வரை நீண்டது. நிறுவனம் எல்லா மாதிரிகளின் விநியோகத்தையும் இடைநிறுத்தியது. என்னைச் சுற்றியுள்ளவர்களில் இதை அறிந்தவர் மிகச் சிலர். அதே மாதத்தில் அவர்கள் பார்த்த வாகனக் காணொளிகள் எத்தனையோ.

முன்பு கார் வாங்க நினைத்தவர் முதலில் கராஜ்காரரிடம் கேட்பார். அவர் அந்தக் காரைக் கழற்றிப் பூட்டியவர், அடுத்த வாரமும் அதே சந்தியில் இருப்பவர், பொய் சொன்னால் முகம் பார்க்கவேண்டி வரும். இன்று யூரியூப்பிலும் ரிக்ரொக்கிலும் பேசுபவர் பலவேளைகளில் விற்பவரின் முற்றத்தில் நின்றே பேசுகிறார். பணம் வாங்கிப் பேசுகிறாரா என்று காணொளியில் சொல்வதும் இல்லை. விலையில் பெரும்பங்கு வரியாகவே போகும் நாட்டில், பத்து வருடச் சேமிப்பும் லீசிங்கும் அந்த எட்டு நிமிடத்தில் முடிவாகின்றன.

அண்மையில் உறவினர் ஒருவருக்காகக் கார் பார்க்கப் போனேன். உரையும் விரிப்பும் புதிது, வாசனையும் புதிது. ஜப்பானில் ஏலம் விட்டபோது எழுதிய ஒக்‌ஷன் ஷீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டோம். ஓடிய கிலோமீற்றரும் அடிபட்ட இடங்களும் தரப்புள்ளியும் அதில்தான் இருக்கும். விற்பனையாளர் சிரித்துக்கொண்டே தன் கைத்தொலைபேசியை நீட்டினார். அந்தக் காரைப் பற்றிய காணொளி அதில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் செசி இலக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பினோம்.