பெயர் கேட்காத தகரப்பெட்டி

போன ஆவணியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஹர்டாங்கர் பக்கம் போயிருந்தேன். அங்கே போனவர்களுக்குத் தெரியும். ஃபியோர்ட் கரையோரமாகத் தோட்டக்காரர்கள் வீதியோரத்தில் சின்னக் கொட்டில்கள் போட்டிருப்பார்கள். ஆடியில் செர்ரி, ஆவணியில் பிளம்ஸ், பிறகு அப்பிள். விற்க ஆள் கிடையாது. விலை எழுதின மட்டை ஒன்று, காசு போடத் தகரப்பெட்டி ஒன்று, அவ்வளவுதான்.

அம்மா ஒரு பை பிளம்ஸை எடுத்து, இரண்டு இருபது குரோனர் குற்றிகளைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைத் தேடினா. பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும். பக்கத்தில் 'விப்ஸ் மட்டும்' என்று எழுதி ஒரு இலக்கம்.

"பெட்டியைக் கழட்டிப்போட்டாங்கள் அம்மா. நான் போனிலை கட்டுறன்."

"நான் வாங்கிறதுக்கு நீ ஏன் கட்டவேணும்?" என்று சொல்லிப் பையைத் திருப்பி வைத்துவிட்டா.

இதெல்லாம் ஒரு விசயமோ என்று கேட்பீர்கள். எனக்கு விசயம்தான். 1989இல் நான் இந்த நாட்டுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது பொலிஸ் தந்த ஒரு கடதாசி. வங்கிக் கணக்கில்லை, பதினொரு இலக்க எண்ணும் இல்லை. முகாமில் இருந்து நடக்கப்போன ஒருநாள் இப்படி ஒரு கொட்டிலைக் கண்டேன். பத்துக் குரோனரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஆராவது பார்க்கிறார்களோ என்று சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஊரில் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் அடையாள அட்டையை நீட்டி நீட்டி வந்தவன் நான். இந்த நாட்டில் என்னை முதலில் நம்பியது குடிவரவுத் திணைக்களம் இல்லை, அந்தத் தகரப்பெட்டிதான்.

என்ரை மகன் சண்டைக்கு வருகிறான். "அப்பா, பெட்டியை உடைச்சுக் களவெடுக்கிறாங்கள். குற்றியைக் கொண்டுபோனால் வங்கிக் கிளையிலை வாங்கிறதில்லை. இப்ப ஆர் சில்லறையோடை திரியினம்?" மூன்றும் உண்மை. 2015இல் விப்ஸ் வந்ததால்தான் சில்லறை இல்லாதவர்களும் காரை நிறுத்தி வாங்குகிறார்கள் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். விப்ஸ் இருக்கட்டும். அதை மட்டும் வைத்துவிட்டுப் பெட்டியைக் கழற்றுவதுதான் பிழை.

யோசித்துப் பாருங்கள். போன் வைத்திருப்பவனும் கட்டாமல் பையைத் தூக்கிக்கொண்டு போகலாம். விப்ஸ் அவனைத் தடுக்காது. ஆகவே தோட்டக்காரர் இன்றைக்கும் ஆட்களை நம்பித்தான் பழத்தை வைக்கிறார். ஆனால் விப்ஸ் பாவிக்கக்கூடியவர்களுக்கு மட்டும்தான் நேர்மையாக நடக்க வழி விடுகிறார். முகாமுக்கு நேற்று வந்த சிரியாக்காரன் கையில் காசோடு நின்றாலும் அவனுக்கு இரண்டே வழி: களவெடுக்கலாம், அல்லது வெறுங்கையோடு போகலாம். அம்மாவைப் போன்ற வயது போனவர்களுக்கும் இதுதான் நிலை.

2024 ஒக்டோபர் 1 முதல் இங்கே கடைகளில் காசாகக் கட்டும் உரிமையைச் சட்டம் பலப்படுத்தியிருக்கிறது. ஆனால் தானியங்கிகளும், ஆளில்லாத விற்பனை இடங்களும், 20,000 குரோனருக்கு மேற்பட்ட கொள்வனவுகளும் அதற்குள் வராது. எனவே அந்தக் கொட்டில்காரர் சட்டத்தை மீறவில்லை. சரி, ஆனால் கொட்டிலே சட்டத்தை நம்பி நடப்பதல்லவே! பார்க்க ஆளில்லாத இடத்திலும் சனம் ஒழுங்காக நடக்கும் என்ற எண்ணத்தில்தானே அது நிற்கிறது. அப்படியானவர் சட்டத்தைக் காட்டித் தப்பலாமோ? வேடிக்கை என்னவென்றால், இடர் காலத்துக்குக் கொஞ்சம் காசும் வீட்டில் வைத்திருங்கள் என்று சொல்வதும் இதே அரசுதான்.

வெள்ளைக்காரரை மட்டும் சொல்லி என்ன பயன்? எங்கடை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். தேத்தண்ணி மேசையில் ஆளில்லை. வடையும் ரோல்சும் இருக்கும், எடுத்துச் சாப்பிடலாம். நல்ல விசயம். ஆனால் அங்கேயும் போன வருசம் தொடக்கம் விப்ஸ் இலக்கம் மட்டும்தான். பேரப்பிள்ளையைக் கூட்டிவரும் அப்பம்மாமார் மேசையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். பத்துக் குரோனரோடு வரும் சின்னப்பிள்ளை தாயைத் தேடி ஓடுகிறது. ஆரும் பார்க்காதபோது காசைப் போட்டுவிட்டு வடையை எடுக்கும் பழக்கத்தை அந்தப் பிள்ளை இனி எங்கே படிக்கப்போகிறது?

களவு போகும் என்றால் பெட்டியை மேசையோடு பூட்டுங்கள், பின்னேரம் எண்ணி எடுங்கள். போகிற காசு பத்தோ இருபதோதான்.

வாற சனி நான் ஒரு டென்மார்க் பிஸ்கட் தகரத்தின் மூடியில் ஓட்டை போட்டு அந்த மேசையில் வைக்கப்போகிறேன். கணக்கில் குறைந்தால் என்னிடம் கேளுங்கோ, நான் போடுகிறேன். முதல் குற்றியை அம்மா போடுவா.