கடலோரம் ஓடுவோம்

"என்ன மாஸ்ரர், ஆரும் கலைக்கினமோ?"

சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கிழக்கு வெளுக்கும் வேளையில், பொலிகண்டிக் கரையிலே வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மை நோக்கி இவ்வாறு வினவினார். நாற்பதைக் கடந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர், வேட்டியைத் துறந்து, காற்சட்டையும் சப்பாத்தும் அணிந்து, வியர்க்க விறுவிறுக்க வீதியில் ஓடிவரும் காட்சியை அவர் அதற்குமுன் கண்டதில்லை போலும். நகைத்துக்கொண்டே கேட்டார். நாமும் நகைத்துவிட்டு அப்பாற் சென்றோம். ஆயினும் அவ்வினா அன்று முழுவதும் எம்மைவிட்டு அகலவில்லை.

சிந்தித்துப் பார்ப்பின், அம் முதியவர் கேட்டதிலே தவறொன்றும் இல்லை. எமது மண்ணிலே ஓடியவர்களை எல்லாம் ஏதோ ஒன்று கலைத்தே வந்திருக்கின்றது. 1987 ஆம் ஆண்டு மே மாதத்தில் வடமராட்சியிலே போர் மூண்டபோது நாம் எட்டு வயதுச் சிறுவர். தம்பியை இடுப்பிலும், எமது கையைத் தம் கையிலும் பற்றிக்கொண்டு அன்னையார் ஓடிய ஓட்டமே நாம் அறிந்த முதல் ஓட்டம். அன்று தொலைந்த ஒற்றைச் செருப்பை நாம் இன்றும் மறந்திலோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் வீடுகளைத் துறந்து வந்தபோது, எம் வீட்டுத் திண்ணையிலும் மூன்று குடும்பங்கள் தங்கின. 2004 டிசம்பர் 26 ஆம் நாள், சோறு போட்ட கடலே தன் மக்களைக் கலைத்தது. இவ்வாறு ஓட்டம் என்பது அச்சத்தின் மறுபெயராகிவிட்ட ஊரிலே, ஒருவன் காரணமின்றி ஓடினால் காண்போர் வினவாதிருப்பரோ?

நாமும் காரணமின்றி ஓடத் தொடங்கினோம் அல்லோம். ஈராண்டுகளுக்கு முன், குருதியிற் சர்க்கரை மிகுந்திருப்பதைக் கண்ட மருத்துவர், "நடவுங்கள், இயலுமாயின் மெல்ல ஓடுங்கள்" என்றார். உழைக்கும் தசை குருதியிலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்து எரிபொருளாக்கிக் கொள்ளும் என்பதை அவர் விளக்கினார். மருந்தாகத் தொடங்கியது விரைவிலே விருந்தாகிவிட்டது. அதற்குக் காரணம் நாம் ஓடிய பாதையே. அப்பாதையை வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்தல் தகும்.

தொண்டைமானாற்றிலே, செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்தின் அண்மையில் தொடங்குகின்றோம். அங்கே கடல்நீரேரி கடலோடு கலக்கின்றது. அவ்விடத்திலிருந்து கிழக்கு நோக்கி, வல்வெட்டித்துறை, பொலிகண்டி, திக்கம், இன்பர்சிட்டி ஆகிய ஊர்களினூடாகப் பருத்தித்துறை வரை செல்லும் வீதி ஏறத்தாழ 12 கிலோமீற்றர் நீளமானது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. சிலவிடங்களில் வீடுகள் கடலை மறைக்கும். சிலவிடங்களில் வீதிக்கும் அலைக்கும் இடையே கல்வரிசை ஒன்றே நிற்கும். முழுத் தூரத்தையும் ஒரே நாளில் ஓடவேண்டும் என்பதில்லை. புதியவர்க்குத் தொண்டைமானாற்றிலிருந்து வல்வெட்டித்துறை வரையிலான பகுதியே போதுமானது.

இக்கரை மணற்கரை அன்று, கற்கரை. குடாநாட்டின் அடித்தளமாகிய சுண்ணாம்புக்கல் இங்கே கடலுக்குள் இறங்கி நிற்கின்றது. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட மயோசீன் காலத்திலே, ஆழங்குறைந்த கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியதே இக்கல். மழைநீர் இதனைக் கரைத்துக் குழிகளும் பொந்துகளும் ஆக்குகின்றது. ஆறில்லாத எமது குடாநாட்டிலே கிணறுகள் வற்றாதிருப்பதும் இக்கல்லின் உதவியாலேயே. இதன் பொந்துகளிலேதான் நன்னீர் தங்கி, கனமான உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கரையோரத்திலோ அலை இதனை அரித்து வாள்முனைபோற் கூராக்கிவிட்டது. ஆதலின் மாணவர்கள் காட்சியின் அழகில் மயங்கிப் பாறைமேல் ஓடலாகாது. பாசி வழுக்கும், கல் கிழிக்கும். வீதியில் ஓடிக் கடலைக் கண்ணால் அனுபவித்தலே அறிவுடைமை.

வல்வெட்டித்துறையை நெருங்கும்போதெல்லாம் எமது கால்கள் தாமாகவே உற்சாகம் கொள்கின்றன. இவ்வூரிலே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, எம்மவர் மாலுமிகளாய்ச் செல்ல, 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. 1954 இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி இக்கரையிலிருந்து பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து கோடிக்கரையை அடைந்தார். 1971 இல் வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் அங்கு சென்று, திரும்பியும் நீந்தி வந்தார். 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது அவர் உயிர்நீத்தார். இவர்களை யார் கலைத்தார்? ஒருவருமில்லை. தம் உடலின் எல்லை எதுவென்று அறியும் வேட்கை ஒன்றே இவர்களைச் செலுத்தியது. அச்சத்தால் ஓடியோர் பலர் வாழ்ந்த கரையிலேயே, ஆர்வத்தால் அலையோடு போராடியோரும் வாழ்ந்தனர் என்பதை இளைஞர் நினைவிற் கொள்ளவேண்டும்.

பொலிகண்டியைக் கடந்து திக்கத்தை அடைந்தால் பனைகளின் நிழல் சற்றே ஆறுதல் தரும். பருத்தித்துறைக்கு மேற்கே அமைந்த சக்கோட்டை முனை, இலங்கைத் தீவின் வட அந்தம். அங்கே ஒரு கணம் நின்று வடக்கே நோக்கினால், முன்னே நீரன்றி நிலமில்லை. பருத்தித்துறையின் கிழக்கே 1916 இல் எழுந்த கலங்கரை விளக்கம், நூறடிக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. அதற்கு அப்பால் கரை தென்கிழக்காகத் திரும்புகின்றது. கல் மெல்ல மறைந்து, மணற்காட்டின் மணற்குன்றுகள் தோன்றுகின்றன. நாம் அவ்வளவு தூரம் செல்வதில்லை. பருத்தித்துறையிலே தெருமூடி மடத்தின் திண்ணையிற் சற்று இளைப்பாறுவோம். வீதியின் மேலேயே கூரையமைத்து, வழிச்செல்வோர் தங்க இருபுறமும் திண்ணை அமைத்த முன்னோரின் கருணையை, கால் நோகும்போதுதான் முற்றாக உணர முடிகின்றது.

இனி, ஓட விரும்பும் மாணவர்களுக்குச் சில சொற்கள். வாகனங்கள் இடப்புறமாகச் செல்லும் நாட்டிலே, ஓடுவோர் அவற்றை எதிர்நோக்கி வலப்புறமாக ஓடவேண்டும். அவ்விதி இப்பாதையில் ஒரு நன்மையும் தருகின்றது. கிழக்கே செல்லும்போது நிலத்தின் பக்கமாகவும், திரும்பும்போது கடலின் பக்கமாகவும் ஓடுவோம். செல்லும்போது கண்ணிற் குத்திய கதிரவன், திரும்பும்போது முதுகிற் படுவான். மார்கழி, தை மாதங்களில் எதிர்த்துத் தள்ளிய வாடைக்காற்றும் திரும்பும்போது துணைவனாகிவிடும். கடினமானதை முதலிலும் இனியதைப் பின்னும் வைத்த இப்பாதை ஒரு நல்லாசிரியன்.

ஓடும்போது பக்கத்திலுள்ளவரோடு பேசமுடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் மிகுந்துவிட்டது என்பது பொருள். மூச்சு சில வாரங்களிற் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் அவ்வளவு விரைவாகப் பழகா. மூச்சை நம்பித் தூரத்தைக் கூட்டுவோரே முழங்காலையும் கணைக்காலையும் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர். நாமும் முதல் மாதத்தில் அவ்வாறு திரும்பியவரே. தெருநாய் துரத்த வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, நின்று, மெல்ல நடவுங்கள். ஓடுவதைத் துரத்துவதே நாயின் இயல்பு. வெயில் ஏறுமுன் வீடு சேருங்கள். வழியில் தண்ணீர் அருந்த மறவாதீர்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல் உண்டு. அந்த முதியவரை அடுத்த சனிக்கிழமையும் கண்டோம். இம்முறை அவர் நகைக்கவில்லை. எம்மை நிறுத்தி, "மாஸ்ரர், என்ரை பேத்தியும் பள்ளிக்கூடத்திலை ஓடுறவள். வலு கெட்டிக்காரி. ஆனால் விடியப்புறத்திலை அவளைத் தனிய விட மனம் வருகுதில்லை" என்றார். அவர் அச்சத்தை நாம் குறைகூற மாட்டோம். அது பட்டறிந்தவரின் அச்சம். எனினும், அதே வேளையில் அதே வீதியால் எத்தனையோ பிள்ளைகள் புத்தகப் பையுடன் தனியார் வகுப்புகளுக்குத் துவிச்சக்கரவண்டியிற் செல்வதை நாள்தோறும் காண்கின்றோம். பரீட்சைக்காக இருளிற் செல்ல விடுகின்ற நாம், உடல்நலத்துக்காக விடியலில் ஓட ஏன் தயங்குகின்றோம்? தனியே அனுப்ப அஞ்சினால் கூடவே செல்வோம். கிழமையில் ஒரு நாள், ஒரு மணிநேரம், நால்வர் ஐவராகச் சேர்ந்தால் அச்சத்துக்கு இடமேது?

ஆதலின் ஒரு சிறு முயற்சி செய்தோம். எமது மாணவர் நால்வர், முதியவரின் பேத்தி, நாம் என அறுவர் இப்போது சனிக்கிழமைகளில் ஓடுகின்றோம். எம் மனைவியார் தண்ணீர்ப் போத்தல்களுடன் துவிச்சக்கரவண்டியிற் பின்தொடர்கின்றார். சென்ற வாரம் பொலிகண்டியைக் கடந்தபோது, அச்சிறுமி எம் எல்லோருக்கும் முன்னே வெகுதூரம் போய்விட்டாள். மாணவர்கள் அவளைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தனர். நாம் அவர்களுக்கும் பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தோம்.

முதியவர் வலையைக் கீழே வைத்துவிட்டு வீதியோரத்துக்கே வந்துவிட்டார். "மாஸ்ரர், இண்டைக்கு நீங்களெல்லோ கலைக்கிறியள்!" என்று உரத்துக் கூவினார்.

மறுமொழி கூற எமக்கு மூச்சு இருக்கவில்லை. கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு ஓடினோம்.